வூலி நைலோன் நூலுக்கு இன்னொரு சந்தை: வாங்கும் முன் மீற்றரை எண்ணுங்கள்

நூல் வியாபாரம் செய்பவர் ஒருவரிடம் “வூலி நைலோன் எதற்கு?” என்று கேட்டால், “ஓவர்லொக் மெசினுக்கு” என்று உடனே பதில் வரும். உள்ளாடை, நீச்சலுடை, பெனியன் போன்ற இழுபடும் துணிகளின் ஓரம் தைக்க உதவும் மெத்தென்ற நூல் அது. ஆனால் இதே நூலை வாங்கி, தையல் மெசினுக்குப் பக்கத்திலும் கொண்டு போகாமல், தூண்டில் கொளுக்கியில் சுற்றுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. 15, 20 மீற்றர் சுற்றிய சின்னஞ்சிறு கட்டையாக வாங்குகிறார்கள். மீற்றருக்கு அவர்கள் கொடுக்கும் விலை கார்மென்ட் தொழிற்சாலை கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு.

இந்த வாரம் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. என்னைவிடப் பதினைந்து வயது இளைய வியாபார நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். “நாநா, வூலி நைலோன் 200 கிலோ லொட் ஒன்று வந்திருக்கு. தூண்டில்காரங்க இத மீற்றர் கணக்குல வாங்குறாங்களாம். கனடாவில இருக்கிற மச்சான் சொல்றார். எடுக்கட்டா?” என்று கேட்டார். காசில் ஒரு பங்கை மனைவியின் நகையை விற்றும், மீதியை 90 நாள் செக்கிலும் கொடுப்பதாக ஏற்பாடு. மச்சான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது பாதிக் கணக்கு. மற்றப் பாதியை இருவரும் உட்கார்ந்து போட்டோம். அந்தக் கணக்கைத்தான் கீழே தருகிறேன். நூல் வியாபாரிக்கு மட்டுமல்ல, பழைய சரக்கொன்றுக்குப் புதிய பாவனை தேடும் எவருக்கும் இது பயன்படும்.

தூண்டில் ஈ என்பது என்ன?

நம்மவர்கள் தூண்டிலில் மண்புழுவையோ இறாலையோ கோர்ப்பார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் ட்ரவுட், சமன் போன்ற மீன்களைப் பிடிப்பவர்களில் பலர் உயிருள்ள இரையைப் பாவிப்பதில்லை. கொளுக்கியின் மேல் இறகு, உரோமம், நூல், மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்கிறார்கள். இதற்கு ‘பிளை’ என்று பெயர். நாம் ‘தூண்டில் ஈ’ என்று சொல்லலாம். சில ஈக்கள் நீரில் மிதக்கும். சில மூழ்கும். மூழ்குபவை, நீருக்கடியில் வாழும் பூச்சிக் குஞ்சுகளைப் போலச் செய்யப்படுபவை.

பலர் இதைப் பொழுதுபோக்காகத் தாமே கட்டுகிறார்கள். மற்றவர்கள் கடையில் வாங்குகிறார்கள். கடையில் விற்கும் ஈக்களில் பெரும்பாலானவை கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் கையால் கட்டப்படுபவை. ஆம், நம் நாட்டிலும் வெளிநாட்டு ஓர்டர்களுக்காகத் தூண்டில் ஈ கட்டி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாப் பக்கத்து மலையோடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டது ஒரு கதை. இந்த ஏற்றுமதித் தொழில் வேறொரு கதை. இரண்டையும் பற்றி நம் வியாபாரிகளில் பலருக்குத் தெரியாது.

‘இழுபடும் நூல்’ ஒன்றல்ல, மூன்று

கடையில் ‘எலாஸ்டிக் நூல்’, ‘ஸ்ட்ரெச் நூல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தூண்டில்காரரிடம் அப்படிச் சொன்னால் வியாபாரம் கெடும். மூன்றையும் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது வூலி நைலோன். நைலோன் நூலுக்குத் தன்னளவில் பெரிய இழுவை கிடையாது. அதன் மெல்லிய இழைகளை இறுக முறுக்கி, சூடு காட்டி, பின்னர் முறுக்கைக் கழற்றுகிறார்கள். சூட்டில் பதிந்த வளைவு இழையில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு இழையும் சுருள் முடியைப் போலாகிறது. இழுத்தால் சுருள் நிமிர்ந்து நூல் நீளும். விட்டால் சுருண்டு பருக்கும். கம்பளி போலத் தெரிவதால் ‘வூலி’ என்று பெயர் வந்தது. பொலியெஸ்டரிலும் இதே முறையில் செய்த நூல் உண்டு.

இரண்டாவது ஸ்பான்டெக்ஸ். அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1958இல் உருவாக்கிய இழை. ‘லைக்ரா’ என்பது அதன் வர்த்தகப் பெயர்களில் ஒன்று. இது சுருளால் அல்ல, தன் இயல்பாலேயே இழுபடுகிறது. தன் நீளத்தைப் போல 5 மடங்கு வரையும் நீளும். தூண்டில்காரர்கள் இதைப் பூச்சியின் கால்களுக்கும் வழுவழுப்பான உடம்புக்கும் பாவிக்கிறார்கள்.

மூன்றாவது இறப்பர் நடுவில் இருக்க, மேலே பருத்தியோ பொலியெஸ்டரோ சுற்றிய நூல். சட்டையில் சுருக்கம் வைக்கப் பாவிப்பது. காலப்போக்கில் இறப்பர் காய்ந்து வெடிக்கும். தூண்டில் வேலைக்கு இதை யாரும் விரும்ப மாட்டார்கள். விற்கவும் வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் நான் பேசுவது முதலாவதைப் பற்றி மட்டுமே.

கொளுக்கியில் இந்த நூல் செய்யும் வேலை

ஒரு பொருளை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று தெரியாமல் விற்பவன் வெறும் சுமைகாரன். எனவே ஈ கட்டும் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். முன்னர் அப்படியொரு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் என் கடை மேசையில் சிறு பிடிகருவியை மாட்டி இதைக் கட்டிக் காட்டினார்.

முதலில் கொளுக்கியைப் பிடிகருவியில் இறுக்குகிறார்கள். மிக மெல்லிய சாதாரண கட்டு நூலைக் கண்ணிலிருந்து வளைவு வரை சுற்றுகிறார்கள். வளைவில் ஒரு துண்டு மெல்லிய செப்புக் கம்பியையும், வூலி நைலோனின் ஒரு நுனியையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். பின்னர் கட்டு நூலைக் கண் பக்கம் கொண்டுபோய் விட்டு, வூலி நைலோனைச் சுற்ற ஆரம்பிக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் இழுவையின் பயன் தெரிகிறது. வால் பக்கத்தில் நூலை நன்றாக இழுத்துச் சுற்றினால் அது மெல்லியதாகப் படியும். நெஞ்சுப் பக்கம் வரும்போது கையைத் தளர்த்தினால் அதே நூல் பருத்து நிற்கும். வால் ஒடுங்கி, நெஞ்சு பருத்த பூச்சியின் உடம்பு ஒரே நூலில் அமைந்துவிடுகிறது. சாதாரண நூலில் இதே வடிவம் எடுப்பதென்றால் மேலும் கீழும் பல தடவை சுற்ற வேண்டும்.

இன்னொரு நன்மை, இந்த நூலில் முறுக்கு இல்லை. அதனால் தட்டையாக விரிந்து கொளுக்கியை முழுமையாக மூடுகிறது. அதையே விரலால் முறுக்கிவிட்டுச் சுற்றினால் கயிறு போலாகி, பூச்சியின் உடம்பிலுள்ள வளையங்கள் போலத் தெரியும். தட்டையாகவும் வளையமாகவும் இரண்டு தோற்றம் ஒரே கட்டையில் கிடைக்கிறது. சுற்றி முடிந்ததும் நூல் மீண்டும் சுருங்கப் பார்ப்பதால் கொளுக்கியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

இறுதியில் கட்டு நூலால் முடிச்சிட்டு, மிச்சத்தை வெட்டி, செப்புக் கம்பியை எதிர்த் திசையில் இடைவெளி விட்டுச் சுற்றுகிறார்கள். மீனின் பல் நூலை அறுத்தாலும் கம்பி அதைப் பிடித்திருக்கும். மேலே வார்னிஷ் பூசுவோரும் உண்டு. அவ்வளவுதான். பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

எங்கே இந்த நூல் உதவாது?

வாடிக்கையாளர் கேட்கும் முன் நாமே சொல்ல வேண்டியவை இவை.

கட்டு நூலாக இது சரிவராது. இறகையும் உரோமத்தையும் இறுக்கிப் பிடிக்கும் நூல் நீளாமல் இருக்க வேண்டும். வூலி நைலோனில் தொங்கவிட்ட நூற்கட்டை பம்பரம் போலத் துள்ளும். இறுக்கம் எவ்வளவென்று கைக்குத் தெரியாது. எனவே இது உடம்பு சுற்றும் நூல்.

இழைகள் தளர்ந்து கிடப்பதால் கொளுக்கி முனையில் பட்டால் பிசிறும். கரடுமுரடான விரலிலும் மாட்டும். வேலைக்கு முன் கையில் கொஞ்சம் கிறீம் தடவச் சொல்வது பழக்கமான ஆலோசனை.

இது நீரை விடக் கனமானது. நைலோனின் அடர்த்தி 1.14. நீரையும் கொஞ்சம் உறிஞ்சும். எனவே மிதக்கும் ஈக்கு இது ஏற்றதல்ல, மூழ்கும் ஈக்கே ஏற்றது. பொலியெஸ்டரின் அடர்த்தி 1.38. நைலோன் அளவுக்கு நீர் உறிஞ்சாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்றால், அதில் கட்டிய ஈக்கள் ஒன்றைப் போல ஒன்று மூழ்கா.

நனைந்தால் நிறம் கருக்கும். கடை வெளிச்சத்தில் வெளிர் பச்சையாக இருப்பது ஓடையில் கரும்பச்சையாகத் தெரியும். அதனால்தான் விபரம் தெரிந்தவர்கள் நூலை நாக்கில் தொட்டு நனைத்து நிறம் பார்த்து வாங்குகிறார்கள். சிலர் உள்ளே வெள்ளை நூலோ வெள்ளித் தாளோ சுற்றிவிட்டு அதன்மேல் இதைச் சுற்றுவார்கள். அப்படிச் செய்தால் நனைந்த பிறகும் நிறம் எடுப்பாக நிற்கும்.

தையல் பெட்டியிலிருந்து தூண்டிலுக்குப் போன சரக்குகள்

இது புதிய விஷயமல்ல. தூண்டில் ஈயின் வரலாறே தையற் சாமான் கடையோடு பின்னிப் பிணைந்தது.

இங்கிலாந்தில் 1795இல் ஆரம்பித்த ஜேம்ஸ் பியர்சல் என்ற பட்டு நூல் நிறுவனம் பூவேலைக்குப் பட்டு நூல் விற்றது. வட இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் அந்தக் கம்பனியின் மெல்லிய பட்டு நூலைத் தங்கள் ஈக்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் இந்த நிற ஈக்கு இந்த நிறப் பியர்சல் நூல்தான் என்று நூல்களில் எழுதும் அளவுக்கு வந்தது. அந்த நூல் உற்பத்தி நின்ற பிறகும் பழைய கட்டைகளைத் தேடித் திரிகிறார்கள்.

அதைவிடச் சுவையானது பிராங்க் சோயரின் கதை. இவர் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஆற்றுக் காவலர். 1958இல் ‘நிம்ப்ஸ் அன்ட் த ட்ரவுட்’ என்ற நூலை எழுதியவர். செப்புக் கம்பியும் ஒரேயொரு கம்பளி நூலும் கொண்டு ஓர் ஈ செய்தார். ‘கில்லர் பக்’ என்று பெயர் பெற்றது. அந்தக் கம்பளி, காலுறையில் ஓட்டை விழுந்தால் தைப்பதற்காக அட்டையில் சுற்றி விற்ற ‘சாட்விக்ஸ் 477’ இலக்க நூல். நனைந்ததும் ஒரு விதமான இளஞ்சிவப்பு அதில் தெரியும். காலுறை தைக்கும் வழக்கம் குறைந்தது. நூலின் உற்பத்தியும் நின்றது. இன்று அந்தப் பழைய அட்டை ஒன்று கிடைத்தால் தூண்டில்காரர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். செய்தவர்கள் காலுறைக்காகச் செய்தார்கள். வாங்கியவர்கள் அந்த ஒரு நிறத்துக்காக வாங்கினார்கள்.

அமெரிக்காவில் கேரி லாபொன்டெயின் 1981இல் ‘கடிஸ்பிளைஸ்’ என்ற நூலில் ‘அன்ட்ரொன்’ என்ற இழையைப் பிரபலமாக்கினார். அது டூபொன்ட் கம்பனி தரைவிரிப்புக்காகச் செய்த நைலோன் இழை. வெட்டுமுகத்தில் மூன்று மூலையுள்ளது. நீருக்குள் காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு மின்னும் என்பதே அதன் சிறப்பு.

வூலி நைலோனும் இந்த வரிசையில் வருவதுதான். கனடாவின் யூனி நிறுவனம் ‘யூனி ஸ்ட்ரெச்’ என்ற பெயரில் இத்தகைய இழுபடும் நைலோனைச் சிறு கட்டைகளில் தூண்டில் கடைகளுக்கே விற்கிறது. நண்பரின் மச்சான் பார்த்தது இதைப் போன்ற கட்டைகளைத்தான்.

இப்போது மற்றப் பாதிக் கணக்கு

நூலின் பருமனை டெக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 1,000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராம் என்பதே டெக்ஸ். டெனியர் என்பது 9,000 மீற்றரின் நிறை. டெக்ஸை 9ஆல் பெருக்கினால் டெனியர் வரும்.

நமது லொட் நூல் டெக்ஸ் 25 என்று வைத்துக்கொள்வோம். 25 கிராமில் 1,000 மீற்றர் என்றால் 1 கிலோவில் 40,000 மீற்றர். 20 மீற்றர் கட்டையாகச் சுற்றினால் 1 கிலோவில் 2,000 கட்டைகள். இதைப் பார்த்ததும் நண்பரின் முகம் மலர்ந்தது. 200 கிலோவென்றால் 4 இலட்சம் கட்டைகள்!

“அந்த 4 இலட்சத்தையும் யார் வாங்குவது?” என்று கேட்டேன்.

ஓர் ஈயின் உடம்புக்கு, வெட்டி வீசும் நுனியையும் சேர்த்து, சுமார் 25 சென்றிமீற்றர் நூல் போதும். 20 மீற்றர் கட்டை ஒன்றில் 80 ஈ கட்டலாம். பொழுதுபோக்காகக் கட்டுகிற ஒருவர் ஒரே நிறத்தில் 80 ஈ கட்ட எத்தனை வருடம் செல்லும்? 1 கிலோவில் 1,60,000 ஈ. 200 கிலோவில் 3 கோடியே 20 இலட்சம் ஈ. அதுவும் அந்த லொட்டில் இருந்தது கறுப்பு, வெள்ளை, கடும்நீலம் என்ற மூன்றே நிறங்கள்.

இதைத் தையலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நூல் ஓவர்லொக்கில் 1 மீற்றர் தையலுக்குச் சுமார் 14 மீற்றர் நூல் போகும். 2 மீற்றர் ஓரத் தையல் உள்ள ஒரு பெனியனுக்கு 28 மீற்றர். அந்த 28 மீற்றரில் 112 தூண்டில் ஈ கட்டலாம். ஒரு பெனியன் தின்கிற நூலைத் தூண்டில்காரர் ஒருவர் ஒரு வருடம் வைத்துக் கட்டுவார்.

புதிய பாவனை ஒரு மீற்றரின் விலையை உயர்த்தும். அதே நேரம் விற்கும் மீற்றரின் எண்ணிக்கையைச் சுருக்கும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்காமல் சரக்கெடுக்கக் கூடாது. விலையை மட்டும் கேட்டு வாங்கியவரின் காசு களஞ்சியத்தில் தூங்கும். செக் மட்டும் 90ஆம் நாள் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது செலவுக் கணக்கு. இவை உதாரணத்துக்கான தொகைகள், உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். நூல் கிலோ 4,000 ரூபா என்றால், 20 மீற்றர் கட்டையிலுள்ள நூலின் விலை 2 ரூபா. வெற்றுக் கட்டை 15 ரூபா. லேபலும் பையும் 8 ரூபா. சுற்றும் கூலி 10 ரூபா. கழிவு 5 ரூபா. மொத்தம் 40 ரூபா. நூலின் பங்கு நூற்றுக்கு 5 மட்டுமே. அதாவது, நீங்கள் விற்பது நூலை அல்ல. தேர்ந்தெடுத்த நிறத்தை, சரியான அளவை, சரியான லேபலை விற்கிறீர்கள். நூலைக் கிலோவுக்கு 500 ரூபா மலிவாக எடுத்தாலும் கட்டையில் 25 சதம்தான் மிச்சம். அந்த 25 சதத்துக்காக 200 கிலோவைச் சுமப்பதில் அர்த்தமில்லை.

பாதிக் கோனின் பெறுமதி

அப்படியென்றால் இதில் வியாபாரமே இல்லையா? இருக்கிறது. ஆனால் லொட்டில் அல்ல, லொட்காரர் ஒதுக்கி வைக்கும் மூலையில்.

கார்மென்ட் தொழிற்சாலையில் ஓர் ஓர்டர் முடிந்ததும் பாதிக் கோன்கள் மிஞ்சும். அடுத்த ஓர்டருக்கு அந்த நிறம் பொருந்தாது, பொருந்தினாலும் அளவு போதாது. அதனால் அதற்கு மதிப்புக் குறைவு. ஆனால் 100 கிராம் நூலுள்ள பாதிக் கோனில், நமது கணக்குப்படி, 4,000 மீற்றர் இருக்கிறது. 200 கட்டை சுற்றலாம். 12 நிறத்தில் இப்படி 100 கிராம் வீதம் சேர்த்தால் மொத்தம் 1.2 கிலோதான். அதில் 12 நிறக் கட்டைகள் கொண்ட 200 அட்டைகள் தயாராகும். தொழிற்சாலைக்குப் போதாத அளவு, தூண்டில்காரருக்கு ஏராளம்.

நிறத்திலும் கவனம் வேண்டும். கார்மென்டில் அதிகம் ஓடுவது கறுப்பும் வெள்ளையும். தூண்டில்காரர் தேடுவது பூச்சி நிறங்கள். ஒலிவ் பச்சை, மண்ணிறம், சாம்பல், வெளிர் மஞ்சள், கிறீம் ஆகியவையே முக்கியம். கறுப்பும் கொஞ்சம் ஓடும். சமன் மீனுக்கும் மீன் முட்டை போன்ற ஈக்கும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கேட்பார்கள். பெஷன் போன நிறமென்று தையல்காரர் ஒதுக்கிய ஒலிவ்தான் இங்கே முதலில் விலைபோகும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மிச்சச் சரக்கு மறுபடி அதே நிறத்தில் கிடைக்காது. சாட்விக்ஸ் கதையிலிருந்து தெரிவதென்ன? ஒரு நிறத்தில் கைபழகியவர் திரும்பவும் அதே நிறத்தையே கேட்பார். எனவே ஒவ்வொரு கோனிலும் உள்ள நிற இலக்கத்தையும் சாய இலக்கத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அரைவாசியைச் சுற்றாமல் வைத்திருங்கள். நன்றாக ஓடும் இரண்டு மூன்று நிறங்களுக்கு நூல் உற்பத்தியாளரிடமிருந்து புதுக் கோன் எடுக்க வழி தேடுங்கள். தூண்டில் ஈ ஏற்றுமதித் தொழிற்சாலைக்குக் கொடுக்க நினைப்பவருக்கு இது இன்னும் அவசியம். அவர்களுக்கு ஓர்டர் தருபவர் மாதிரி கொடுத்துத்தான் கட்டச் சொல்வார். நிறமோ பொருளோ மாறினால் சரக்கு திரும்பும்.

விற்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இவற்றுக்கு இயந்திரம் தேவையில்லை. கடை மேசையில் செய்யலாம்.

1. இழுவை: தளர்ந்த நிலையில் 10 சென்றிமீற்றர் நூலை அளந்து, இழுத்து, விட்டு, மீண்டும் அளவுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாத கோனைத் தள்ளி வையுங்கள். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த சரக்கில் சுருள் தளர்ந்திருக்கும்.

2. சாயம்: ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றிச் சுடுநீரில் போடுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நூல் வேண்டாம்.

3. வெயில்: நூலில் பாதியைத் தாளால் மூடி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். பளிச்சென்ற நிறங்களே முதலில் மங்கும்.

4. நைலோனா பொலியெஸ்டரா: கோன் லேபல் இல்லாவிட்டால் எரித்துப் பார்ப்பார்கள். இரண்டுமே உருகிக் கட்டியாகும். பொலியெஸ்டரில் கரும்புகை அதிகம். இது அனுபவக் கணிப்பு மட்டுமே. ஏற்றுமதிக்கென்றால் ஆய்வுகூட அறிக்கை எடுங்கள்.

5. பருமன்: 100 மீற்றரை அளந்து நல்ல மின்தராசில் நிறுங்கள். வரும் கிராமை 10ஆல் பெருக்கினால் டெக்ஸ். தூண்டில் நூல் உலகத்தில் 6/0, 8/0 என்ற இலக்கங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். யூனியின் 8/0 நூல் சுமார் 72 டெனியர். டான்வில்லின் 6/0 நூலும் ஏறக்குறைய அதே பருமன், 70 டெனியர். இலக்கத்தை நம்பாமல் லேபலில் டெனியரையோ டெக்ஸையோ எழுதுங்கள்.

லேபலும் கடதாசிகளும்

20 மீற்றர் என்று எழுதினால் 20 மீற்றர் இருக்க வேண்டும். இந்த நூலில் ஒரு சூட்சுமம் உண்டு. இழுத்துச் சுற்றினால் அளவுமானி 20 காட்டும், கழற்றினால் 16தான் இருக்கும். எனவே தளர்ந்த நிலையில் அளந்து சுற்றுங்கள். இழுத்து அளப்பது வாங்குபவரின் பையில் கைவிடுவதற்குச் சமம். அளவு நிறுவையில் குறை வைத்த காசில் பரக்கத் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

வூலி நைலோனுக்கு ‘லைக்ரா’ என்று லேபல் ஒட்டாதீர்கள். பொருளும் வேறு, பெயரும் இன்னொருவருடையது.

மிச்சச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஏற்றுமதிக்கென வரியில்லாமல் இறக்கிய மூலப்பொருளை உள்ளூரில் விற்பதற்கு முதலீட்டுச் சபை, சுங்கம் ஆகியவற்றின் அனுமதியும் உரிய தீர்வையும் வேண்டும். பில் இல்லாத மலிவுச் சரக்கு, பின்னால் எவ்வளவு விலையாகும் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இலக்கத்தில் கவனம். செயற்கை இழைத் தையல் நூல் எச்.எஸ். 5401இல் வரும். செயற்கை இழை நூல்கள் 5402இல் வரும். கட்டி முடித்த தூண்டில் ஈ 9507இல் வரும். எதில் அடங்கும் என்பதைச் சுங்கத் தரகரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் என்ன செய்தார்?

200 கிலோவை அவர் எடுக்கவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது. அதே லொட்காரரிடம் பாதிக் கோன்களைப் பொறுக்கி, பில்லோடு 3 கிலோ எடுத்தார். வீட்டுத் தையல் மெசினின் நூல் சுற்றும் பகுதியில் சுற்றிப் பார்த்தார். அது நூலை இழுத்துச் சுற்றியதால், கையால் திருப்பும் சிறு சுற்றுகருவி ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். 12 நிற அட்டைகளில் 20ஐ மாதிரிக்காக மச்சானுக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த முதல் பதில், “கறுப்பு போதும், ஒலிவ்லயே மூன்று விதம் கிடைக்குமா?” என்பது. இப்போது அவர் ஒலிவ் தேடிக்கொண்டிருக்கிறார். பெரிய இலாபம் என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. ஆனால் விற்காத மீதியையும் சில்லறைத் தையல்காரர் வாங்கிக்கொள்வார் என்பதால், அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

வாசகர்களுக்கு இந்த வாரத்துக்கான வேலை இது. உங்கள் இறாக்கையில் ஆறு மாதம் அசையாத ஒரு பொருளை எடுங்கள். அதை வேறு யார், எந்த வேலைக்குப் பாவிக்கலாம் என்று எழுதுங்கள். அந்த வேலையைச் செய்பவர் ஒருவரைத் தேடிப் போய், அவர் கையில் அதைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு தேவைப்படுகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வாங்குவார், எந்த நிறம் அல்லது அளவு வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையை நாலாவதாகக் கேளுங்கள். முதல் மூன்றுக்கும் விடை வந்த பிறகு எவ்வளவு சரக்கு எடுப்பது என்பதைக் கல்குலேட்டரே சொல்லிவிடும்.